மஞ்சள் தடவிய முதற் பதிப்பு

பல் டாக்டர் என்றால் அடுத்தவர் வாயைத்தான் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் சங்கத்துப் பல் டாக்டர் அடுத்தவர் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார். சிங்கப்பூரில் தமிழ் நாவல்களின் முதற் பதிப்புகளைத் தேடிச் சேர்க்கிற எங்கள் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அந்தக் கொஞ்சம் பேருக்குள் ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குள் இரண்டு கட்சி. செயலாளர் நான், எதிர்க்கட்சி அவர்.

அடுத்த மாதம் எங்கள் கண்காட்சி. நட்ட நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போவது என்னுடைய ‘நாலாவது மதகு’. நாற்பது வருஷம் போல ஆகிறது, விழுப்புரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சான நாவல். அதை எழுதியவர் புனைபெயரில் எழுதிப் பெரிய ஆளாகிவிட்டார். அந்தப் பெயரை அனுமதியில்லாமல் போட்டால் கோபம் வரும் என்பதால் ஆசிரியர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். கண்காட்சியைத் திறந்து வைக்க வருகிறவரும் அவர்தான். பிற்பாடு சென்னையில் வந்த மறுபதிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே முன்னுரை: நாள் குறித்த கல்யாணத்தை இந்த நாவலுக்காக உதறிவிட்டு எழுத்தைக் கைப்பிடித்தாராம். அந்த இடத்தில் வாசகர்கள் கண் கலங்குவது வழக்கம்.

என் பிரதியில் ஒரு தூசி கிடையாது. அட்டை மடங்கவில்லை, முதுகு வளையவில்லை, பழைய வீட்டு வாசனைகூட அடிக்காது. அதைப் பார்க்க வந்த பல் டாக்டர், “தலைப்புத் தாளுக்கு அப்புறம் நேரா அஞ்சாம் பக்கம் வருதே. மூணும் நாலும் எங்கே? பல் விழுந்திருக்கே சார்” என்றார். அந்தக் காலத்து அச்சகங்களின் வழக்கம் என்று சமாளித்தேன். அவரா விடுகிறவர்? தையல் ஓரத்தில், கிழித்த தாளின் மிச்சம் நூல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருப்பதைப் படம் பிடித்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

தாள் குறைந்தால் அது குறைப் பிரதி. குறைப் பிரதியைப் பெட்டியில் வைத்து, அதை எழுதியவரையே அழைத்துக் காட்டினால் செயலாளர் பதவி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முழுப் பிரதி ஒன்று கையில் கிடைத்தால்தான் மானம் பிழைக்கும். புத்தகம் பிறந்த ஊரிலேயே தேடுவோம் என்று விழுப்புரத்தில் போய் இறங்கினேன்.

விழுப்புரம் வழியாகப் போகாத ரயில் கிடையாது, அங்கே இறங்குகிறவர்கள்தான் கொஞ்சம். பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்த என்னை நாலு ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, “பாண்டியா சார்?” என்று கேட்டார்கள். விழுப்புரத்துக்கே வந்திருக்கிறேன் என்றதும் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாரு ஊட்டுக்கு?” என்றார். புத்தகம் தேடி வந்தேன் என்று சொல்லியிருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்.

காலைப் பலகாரத்துக்கு ஒரு ஓட்டலில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் பெயர், விலை, படம் எல்லாம் தலைக்கு மேலே பளபளவென்று எரியும். இங்கே பரிமாறுகிறவர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். கடைசியில் கேட்டதுதான் மனதில் நின்றதால் வடகறி வாங்கினேன். இட்லியை அதில் முக்கி வாயில் வைத்ததும் பல் டாக்டர் கொஞ்ச நேரம் மறந்துபோனார். “வடகறி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சார்? கேக்காமயே பாத்துக்கினு இருக்கீங்களே” என்று அவரே வந்து ஊற்றினார். காசு கொடுக்கும்போது ‘நன்றி’ என்று சொன்னதற்குச் சிரித்தார்.

கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடை. நோட்ஸ், கோலப் புத்தகம், பஞ்சாங்கம் எல்லாம் தாண்டி உள்ளே ஓர் அலமாரி நிறைய நாவல்கள். முதற் பதிப்புகள் வேண்டும் என்றேன்.

“எல்லாமே மொத பதிப்புதான் சார். எத்தினி வேணும்?” என்றார் கடைக்காரர்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒரே நாவலை மூன்று விதமான அட்டைகளில் எடுத்து வைத்தார். மூன்றிலும் ‘முதற் பதிப்பு’ என்றுதான் இருந்தது, வருஷம் மட்டும் வேறு வேறு.

“லைப்ரரிக்கு எடுக்கறப்ப மொத பதிப்பான்னுதான் பாக்கறாங்களாம். ரெண்டாவதுன்னு போட்டா எவன் வாங்குவான்? அதான் வருஷா வருஷம் மொதல்ல இருந்து ஆரம்பிச்சிக்கினு இருக்காங்க.”

முதற் பதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் எங்கள் சங்கத்தில் வகுப்பே எடுத்திருக்கிறேன். பதிப்பு வரியை நம்பாதே, விலையைப் பார், அச்சகத்தின் பெயரைப் பார், அட்டை வரைந்தவரின் கையெழுத்தைப் பார், காகிதத்தைத் தடவிப் பார். பதிப்பு வரியை நம்பாதே என்பது எவ்வளவு பெரிய உண்மை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘நாலாவது மதகு’ இருக்கிறதா என்று கேட்டேன். “பழசா? ஏழுமல கடையில எடைக்குக் கெடக்கும், பாருங்க” என்று வழி சொன்னார்.

ஏழுமலை பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர். தராசு, சாக்கு மூட்டைகள், நடுவில் அவர். புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். பாடப் புத்தகங்களுக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் நடுவிலிருந்து அதே அட்டை, அதே மதகு, அதே கொக்கு எட்டிப் பார்த்தது.

எடுத்துப் பார்த்தால் அட்டையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் கறை. திறந்தால் அதைவிட மோசம். மூன்றாம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில், எவனோ ஒருவன் தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைச் சேர்த்துத் தைத்திருந்தான். மணமகன் ராஜேந்திரன், மணமகள் சரோஜா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இலக்கியத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மொய் எழுத வரச் சொல்கிற ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டினேன்.

“கறையப் பாக்கறீங்களா? தொடச்சா போயிரும் சார்” என்று ஏழுமலை விரலில் எச்சில் தொட்டார்.

தடுத்துவிட்டேன். புத்தகத்தின் உயிர் அதன் நிலையில்தான் இருக்கிறது, கறைபட்ட பிரதி செத்த பிரதி என்று அவருக்கு விளக்கினேன். “அப்ப வேணாமா?” என்றார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய அறிவாளி மாதிரி லாட்ஜுக்கு நடந்தேன்.

மறுநாள் வளவனூர். ஆசிரியரின் சித்தப்பா மகள் கஸ்தூரி அந்தப் பக்கம்தான் சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். டவுன் பஸ் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எம்.ஆர்.டி. ரயில் இரண்டு நிமிஷம் தாமதித்தால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்புச் செய்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். இங்கே ஒருவருக்கும் அவசரமில்லை. டிராக்டரை ஒட்டிப் போகும்போது ஜன்னல் ஓரம் இருந்தவர் கையை நீட்டி ஒரு கரும்பை உருவினார், முழங்காலில் வைத்து ஒடித்தார், பாதியை என்னிடம் தந்தார். திருட்டுக் கரும்பு என்று யோசிப்பதற்குள் பாதி தின்றுவிட்டிருந்தேன்.

கஸ்தூரி அக்கா வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. நான் சிங்கப்பூர் என்றதும், “அங்க சோறு கெடைக்குதா?” என்று கேட்டுவிட்டுக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்து வைத்தார். சிங்கப்பூரில் எங்கள் தேக்கா சந்தைக் கடைகளில் கேழ்வரகு மாவைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, உடம்புக்கு நல்லது என்று ஆங்கிலத்தில் எழுதி விற்கிறார்கள். இங்கே உருண்டை உருண்டையாகத் தட்டில் விழுந்தது. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர அவருக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது.

புத்தகம் பற்றிக் கேட்டேன்.

“அண்ணன் எழுதின மொத புஸ்தகமா? எங்க ஊட்லயும் இருந்திச்சே. போன போகிக்குப் பழைய பேப்பர்காரங்கிட்டப் போட்டுட்டோம். அது சும்மா புஸ்தகம் இல்லீங்க, கல்யாணப் பத்திரிகை.”

“பத்திரிகையா?”

“ஆமா. பொண்ணோட அப்பாதான் அச்சாபீஸ் வெச்சிருந்தாரு. வெறும் பத்திரிகை வெச்சா ரெண்டு நாள்ல தூக்கிப் போட்ருவாங்க, மாப்ள எழுதின கதையோட சேத்துக் குடுத்தா காலத்துக்கும் இருக்கும்னு, கத முன்னாடி பத்திரிகைய வெச்சுத் தைச்சு ஊரெல்லாம் குடுத்தாரு. நாலு மூலையிலயும் மஞ்ச தடவித்தான் குடுத்தாங்க. மஞ்ச தடவாம பத்திரிகை குடுப்பாங்களா யாராவது?”

களி உருண்டையைத் தட்டிலேயே வைத்தேன். “உங்க அண்ணனோட சொந்தப் பேரு?”

“ராஜேந்திரன். பேரு தெரியாமயா தேடிக்கினு வந்தீங்க?”

ஏழுமலை கடையில் வேண்டாம் என்று தள்ளியதுதான் நான் தேடி வந்த பிரதி. அதில் மூன்றாம் நான்காம் பக்கம் கிழிந்து போகவில்லை, அந்தத் தாள்தான் கல்யாணப் பத்திரிகை. கறை என்று நான் மூக்கைச் சுளித்ததுதான் முதற் பதிப்பின் அடையாளம். மஞ்சள் இல்லாத பிரதி என்றால் யாருக்கும் பத்திரிகையாகக் கொடுக்கப்படாமல் மிஞ்சிப் போனது, என்னுடையது மாதிரி. “கல்யாணம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “நின்னு போச்சு. அண்ணன்தான் வேணான்னு மெட்ராஸ் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு சரோஜா இப்ப திண்டிவனத்துல பத்திரிகை அடிக்கிற கடை வெச்சிக்கினு நல்லாத்தான் இருக்குது” என்றார் கஸ்தூரி அக்கா. கையைக் கழுவினேனா என்றுகூட நினைவில்லை, பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏழுமலை சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். “அந்த மஞ்ச புஸ்தகமா? நீங்கதான் செத்த புஸ்தகம்னீங்களே. பஸ் ஸ்டாண்டுல மல்லாட்ட விக்கிற அம்மா பொட்டலம் கட்ட எடுத்துக்கினு போயிட்டாங்க சார்.”

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவித்த மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் என் முதற் பதிப்பு. ஒரு தாளைக் கிழித்தார், சுருட்டினார், கொட்டினார், கொடுத்தார். பஸ் ஜன்னல்களில் ஆளாளுக்கு ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொறித்தார்கள். நல்லவேளை, அவர் பின்பக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்தார். கடைசி அத்தியாயங்கள் போய்விட்டன. முன்னால் இருந்த பத்திரிகைத் தாள் அப்படியே இருந்தது.

“அம்மா, அந்தப் புத்தகத்தைக் கொடுத்துடுங்க.”

“குடுத்துட்டு மல்லாட்டைய கையிலயா அள்ளிக் குடுக்கறது?”

எதிர்க் கடையில் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷ் பேப்பரு வேணாம், வழவழன்னு கையில நிக்காது. தமிழ் பேப்பரா எடுத்துக்கினு வா சார், ஜல்தி” என்றார். மறுபடி ஓடினேன். வாழ்க்கையில் நான் செய்த எந்தப் புத்தக வியாபாரத்திலும் எதிராளி இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இனி திண்டிவனம். புத்தகத்தில் பெயர் இருக்கிற அம்மாளைக் கேட்காமல் அந்தத் தாளை ஊருக்குக் காட்டக்கூடாது என்று எனக்கே தோன்றியது. சென்னை பஸ்ஸில் ஏறும்போது நடத்துநர், “திண்டிவனம் ஏறுங்க, ஏறுங்க” என்றார். ஊர் நெருங்கியதும் நெடுஞ்சாலையிலேயே பஸ் நின்றது. “உள்ள போவாது, பைபாஸ்தான். எறங்குங்க சார், பேஜாரு பண்ணாதீங்க” என்றார் அதே நடத்துநர். வெயிலில் இறங்கினேன். எங்கள் ஊரில் பஸ் நிறுத்தம் மாறினால் ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். “இங்கயும் எல்லாருக்கும் தெரியும் சார், உங்களுக்குத்தான் தெரியல” என்று அவர் என்னை ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் நெருக்கி உட்கார வைத்தார்.

சரோஜா அம்மாளின் கடை பெரியது. சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். அறுபதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு மணப்பெண்ணின் அப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்தார். “பொண்ணு படிப்ப மட்டும் விட்டுட்டுப் போட்டா எப்பிடிங்க? மாப்ளைக்குப் போட்டா பொண்ணுக்கும் போடணும்.” அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன்.

அவர் மஞ்சள் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “மொத கட்டுல போனது இது. வளவனூர் கட்டு” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கண்காட்சி, பல் டாக்டர், என் குறைப் பிரதி எல்லாவற்றையும். கைப்பேசியில் என் பிரதியின் படத்தைக் காட்டினேன். கிழிந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“நான் கிழிச்சதுதான். ஸ்கேல் வெச்சுக் கிழிச்சேன், எவ்ளோ நேரா இருக்குது பாருங்க. மிச்சம் இருந்த புஸ்தகத்துல எல்லாம் நான்தான் கிழிச்சேன்.”

“அவர் கல்யாணத்தை வேண்டாம் என்று போனதாலயா?”

“அவரு எங்க போனாரு? நான்தான் வேணான்னேன்.”

பின்னால் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் கணவர் தலையைத் தூக்காமல் சிரித்தார்.

“ப்ரூஃப் நான்தான் பாத்தேன் சார். ப்ரூஃப் பாக்கறப்ப எழுத்துதான் தெரியும், கத தெரியாது. பைண்டிங் ஆயி வந்தப்புறம், கட்டிக்கப் போறவரு எழுதினதாச்சேன்னு ஆசையா ஒக்காந்து படிச்சேன். அதுக்குள்ள மொத கட்டு அவுங்க ஊருக்குப் போயிடுச்சு. அந்தக் கதையில வர்ற பொண்ணு வெந்நீர் வெக்கிறா, கஞ்சி காச்சறா, புருஷன் வருவான்னு மதகாண்ட நின்னுக்கினே இருக்கா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா சார். எங்கயாவது வாயத் தொறப்பாளான்னு திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். சாவறப்பகூடப் பேசல. ஊரே அவளக் கும்புடுதுன்னு முடிச்சிருக்காரு. எங்கப்பாகிட்டப் போனேன். புஸ்தகம் நல்லா இருக்குதுப்பா, மாப்ள வேணாம்னேன்.”

“அப்பா என்ன சொன்னார்?”

“ஒரு நாள் பூரா மெஷினத் தொடச்சிக்கினு இருந்தாரு. அப்புறம் ஸ்கேல எடுத்துக் குடுத்தாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் இவரக் கட்டிக்கினேன். எங்க அச்சாபீஸ்ல அந்தப் புஸ்தகத்த எழுத்துக் கோத்தவரே இவருதான்.”

“நீங்க படிச்சீங்களா சார்?” என்று அவர் கணவரைக் கேட்டேன். “எழுத்துக் கோத்தேன், கூலி வாங்கினேன். கதைய எதுக்குப் படிக்கறது?” என்றார் அவர். “அதனாலதான் கட்டிக்கினேன்” என்றார் சரோஜா அம்மாள்.

பிறகு என்னைப் பார்த்து, “நீங்க படிச்சிருப்பீங்க இல்ல?” என்றார்.

என் பிரதியை முழுக்க விரித்தால் முதுகு வெடித்துவிடும் என்ற உண்மையைச் சொன்னேன். மறுபதிப்பில் படிக்கலாமே என்றார். மறுபதிப்பை நான் வீட்டுக்குள் விடுவதில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முன்னுரையாச்சும் படிச்சிருப்பீங்க” என்றார் சரோஜா அம்மாள். குரல் மாறிவிட்டது. “எம் பொண்ணு காலேஜ்ல தமிழ் சொல்லித் தர்றா. இந்தப் புஸ்தகம் அவளுக்குப் பாடம். போன வாரம் சோறு சாப்புட்டுக்கினே சொல்றா, ‘எழுத்துக்காகக் கல்யாணத்தையே வுட்டவரும்மா, பாவம் அந்தப் பொண்ணு, என்ன ஆனாளோ’ன்னு. அந்தப் பொண்ணு நான்தான் அவளுக்குக் கொழம்பு ஊத்திக்கினு நிக்கிறேன். இத்தினி வருஷம் அவரு அச்சுல போட்டுக்கினே இருக்காரு, நான் வாயால சொன்னா யாரு சார் நம்புவாங்க? எம் பொண்ணே நம்ப மாட்டா. அச்சுல வந்தாத்தான் அவளுக்கு நெசம்.”

அங்கேயே உட்கார்ந்து கணினியில் ஒரு குறிப்பு அட்டை அடித்தார். பத்திரிகைக்குப் போடுகிற நல்ல கனத்தாளில் அச்செடுத்து, ஈரம் காய விசிறி, என்னிடம் நீட்டினார். ‘முதற் பதிப்பு. மணமகள் நாவலைப் படித்துப் பார்த்து மணமகனை மறுத்ததால், மற்றப் பிரதிகளிலிருந்து இந்தத் தாள் நீக்கப்பட்டது.’

“அந்தத் தாளத் தொறந்து வெச்சா, பக்கத்துல இதயும் வெக்கணும். ரெண்டும் சேந்துதான். முடியாதுன்னா ரெண்டுமே வேணாம்.”

வருகிறவர் பிரமுகர், அழைத்தது நான். அட்டையை வைத்தால் விழா கெடும். வைக்காவிட்டால் என் குறைப் பிரதியோடு நான் கெடுவேன். கிளம்பும்போதுகூட வைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. அட்டையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் புத்தகத்தைப் படித்தேன், மல்லாட்டைக்குப் போகாமல் மிஞ்சிய வரைக்கும். முதுகு வெடித்தது. அந்தப் பெண் நிஜமாகவே ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு நாள் இதையா குளிர்சாதன அறைக்குள் வைத்துக் காப்பாற்றினேன் என்று இருந்தது.

கண்காட்சி அன்று மஞ்சள் பிரதியைப் பத்திரிகைத் தாளில் திறந்து வைத்து, பக்கத்தில் அட்டையையும் வைத்தேன். பல் டாக்டர் முதலில் வந்து படித்துவிட்டு, அதையும் படம் பிடித்துக் குழுவில் போட்டார். பிறகு ஆசிரியர் வந்தார், பொன்னாடையும் கூட்டமும் புடைசூழ. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். தாளைப் படித்தார், அட்டையைப் படித்தார். கூட்டத்தை விட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன்.

“அவள இப்பப் பாத்தீங்களா?” என்றார். மேடைத் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டிருந்தது. “முழுசாப் படிச்சாளாமா?”

“ரெண்டு தடவை படிச்சாங்களாம் சார்.”

“இன்னா சொன்னா?”

“புத்தகம் நல்லா இருக்கு, மாப்பிள்ளை வேண்டாம்னாங்களாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் அன்றைக்குக் கல்யாணத்தை உதறிய கதையை அவர் சொல்லவில்லை. இந்த நாவலின் முதல் வாசகி இதை இரண்டு முறை படித்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதாகச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. மீதிப் பாதியைக் கண்ணாடிப் பெட்டியிடம் விட்டுவிட்டு இறங்கினார்.

பெட்டியைப் படம் எடுத்துச் சரோஜா அம்மாளுக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார்.

“பொண்ணுகிட்டக் காட்டினேன் சார். ‘பாவம் அந்தப் பொண்ணு’ன்னு இனிமே சொல்ல மாட்டாளாம்.”

“வேற என்ன சொன்னாங்க?”

“‘பாவம்மா அந்த ஆளு’ன்னா.”